பெயர் மாற்றப்பட்டுள்ளது

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் நன்றாக இருக்கும், வெஜிடபிள் பிரியாணியும் தயிர்ச்சாதமும் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற காலேஜ் பிள்ளைகளுக்குக் கண் தானாகச் செருகுகிறது, ஏசி வேறு, அது ஒரு மூலையில் ஒழுகுகிறது என்று யாரோ அடியில் ஒரு வாளியை வைத்திருக்கிறார்கள், பெங்களூரிலிருந்து வந்திருக்கிற நிபுணரோ திரையில் திறந்த பூட்டின் படம் ஒன்றைக் காட்டி அறிவைப் பூட்டி வைப்பது பாவம் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொல்ல, ஹேமலதா மேடம் அதையே இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தமிழில் சொல்ல, நான் மேடையின் ஓரத்தில் லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் தலையசைக்கும்போதெல்லாம் அடுத்த படத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். இதுதான் என் உத்தியோகம். ஆய்வு உதவியாளர், ஒப்பந்த அடிப்படையில், வருஷா வருஷம் மார்ச் மாதம் மேடத்தின் கையெழுத்துக்காக வாசலில் நிற்கிற ஜாதி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வேண்டும் வேண்டாம் என்பதை வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் பதிவு செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தது நான், ஆனால் திரையில் கடைசிப் படத்தில் நன்றி என்ற இடத்தில்தான் என் பெயர் வரும், அதிலும் வேதவல்லி என்பதில் ஒரு எழுத்து குறையும். சாயங்காலம் நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினராக வருகிற ஓய்வுபெற்ற அதிகாரி இந்த லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்துவார், அழுத்தியதும் அந்தப் பெண்கள் என்னிடம் பேசியதெல்லாம் உலகத்துக்குத் திறந்துவிடும், யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் படிக்கலாம். குத்துவிளக்குக்குப் பதில் இது. கல்லூரிக்காரர்கள் மவுஸுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள், மேடம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார், பொட்டு இன்னும் காயாமல் என் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதைத் திட்டவும் வாய் வரவில்லை, அதுதான் எரிச்சல். மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய மனிதர் இருந்தார், ஊர்ப்பக்கம் காலே வைக்காமல் அறையில் உட்கார்ந்தபடி பேட்டிகளை அவரே எழுதிக்கொள்வார், எல்லாக் கிராமத்துக்காரனும் ஒரே குரலில் பேசுவான், நடுநடுவே தத்துவம் வேறு, யாராவது மூலத்தைக் கேட்டால் ரகசியம், பாதுகாக்க வேண்டும் என்பார், அந்த ரகசியத்தை வைத்தே அவருக்குப் பட்டமும் பதவியும் வெளிநாட்டுப் பயணமும் கிடைத்தன. அன்றைக்கு எல்லாம் திறந்திருந்தால் அந்த ஆள் மாட்டியிருப்பார் என்று நானே வயிறெரிந்து சொல்லியிருக்கிறேன். ஜனங்களின் வரிப்பணத்தில் சேர்த்தது ஜனங்களுக்குப் போகட்டும் என்று மேடம் சொன்னபோது முதலில் தலையாட்டியதும் நான்தான். பணம் கொடுக்கிறவர்கள் நடுவழியில் விதியை மாற்றினார்கள், தரவைத் திறந்தால்தான் அடுத்த தவணை என்றார்கள், அப்போதும் மேடம் முகம் சுளிக்கவில்லை, நல்லதுதானே வேதா, பெயரை எடுத்துவிட்டால் போயிற்று என்றார். பெயரை எடுத்துவிட்டால் போயிற்று. ஒரு கையேடு வந்தது, ஏதோ குளிர் தேசத்தில் எழுதியது, பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் ஆயுசு முழுக்கக் காலம் தள்ளுகிறவர்களுக்கு எழுதியது, வயதுக்குப் பதில் வயது வரம்பு போடு, ஊருக்குப் பதில் தென்னிந்தியச் சிற்றூர் என்று போடு, தொழிலைப் பொதுவாகச் சொல். நானும் போட்டேன். பேச்சித்தாயை மல்லிகா ஆக்கினேன், பக்கத்தில் நட்சத்திரக் குறி, கீழே பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று ஒரு வரி. பீடி சுற்றுகிறாள் என்பதை வீட்டிலிருந்து செய்யும் வேலை என்றேன். இரண்டு பெண்பிள்ளைகள் என்பதைக் குழந்தைகள் என்றேன். இவள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒருத்தியை அடையாளம் சொல்ல அவள் பெயரைச் சொல்வதில்லை, அந்த வேப்பமரத்து வீட்டு மருமவ, அந்தச் செவ்வாய்க்கிழமை விழுந்தாளே அவ, அந்த ரெட்டச்சுழிக்காரி என்கிறார்கள், அங்கே போய்ப் பெயரை எடுத்தேன் பார் என்று நிற்கிறேன். எடுக்க எடுக்க இன்னும் எடுக்க வேண்டியிருந்தது. சில பேட்டிகளில் கடைசியில் அழுகிறார் என்று நான் அடைப்புக்குறிக்குள் போட்டது மட்டும்தான் முழுசாக மிஞ்சியது, அழுகைக்கு ஊர் கிடையாது அல்லவா, அதனால் அதை விடலாம்.

பேச்சித்தாய் அழவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. வீட்டுப் பின்பக்கம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கத்தரி ஒரு கையில், ஈர இலை ஒரு கையில், வெட்டுவதும் தூள் வைப்பதும் சுருட்டுவதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தே பேசினாள், புகையிலை நெடியில் எனக்குத்தான் தும்மல் வந்து பதிவில் அது விழுந்தது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், பிழைத்ததே பெரிசு, இன்னொன்று வேண்டாம் தாங்காது என்று டாக்டரம்மா இவள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த இவள் காதிலும் விழுந்திருக்கிறது, அவன் தலையாட்டிவிட்டு வீட்டில் மூச்சு விடவில்லை, அம்மாவுக்குப் பேரன் வேண்டும், அம்மாவிடம் போய் இனி கிடையாது என்று சொல்கிற தைரியம் அவனுக்கு இல்லை. இவள் என்ன செய்தாள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன நாளில் நர்சம்மாவிடம் சொல்லிக் காப்பர்-டி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். புருஷனுக்கும் தெரியாது. தெரியாமலே குடும்பம் பேரனுக்காகக் காத்திருக்கிறது, ஆடி மாதம் கோயிலுக்குப் போய் இவள் மண்சோறு தின்கிறாள், இலையோ தட்டோ இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்தரையில் போட்ட சோற்றைக் குனிந்து வாயாலேயே எடுத்து, சாமி பிள்ளை வரம் கொடு என்று. உள்ளே அது இருக்கிறது, வெளியே இது நடக்கிறது. சாமி கோவிச்சுக்காதா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, ஆராய்ச்சிக்காரி கேட்கிற கேள்வியா அது, அவள் முதல் தடவையாக நிமிர்ந்து, "சாமிக்குத் தெரியும்லாக்கா, டாக்டரம்மா சொன்னப்ப அதுவும் அங்கதான இருந்துச்சு" என்றாள். எழுந்து வரும்போது தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். "யார்ட்டயும் சொல்லிராதீயக்கா. எங்கம்மைட்டகூடச் சொல்லல." நான் சொல்ல மாட்டேன் என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன். அப்போது அது பொய்யில்லை, விதி மாறியது பிறகுதான், ஆனால் அவளுக்கு என்ன விதி, அவளுக்கு நான்தான்.

அதற்கப்புறம் அந்தப் போன். அதை நினைக்கவே கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். திறந்த தரவுக்குப் புதுச் சம்மதம் வாங்க வேண்டும் என்றார்கள், எல்லா ஊருக்கும் மறுபடி போகப் பணம் கிடையாது, போனில் வாங்கினால் போதும், பதிவு செய்துகொள் என்றார் மேடம். பேச்சித்தாய் கொடுத்த நம்பர் அவள் புருஷனுடையது, அவளுக்கென்று ஏது போன். அவன் எடுத்தான். யார் என்ன என்றான். ஆரோக்கிய சர்வே என்றேன். இருங்க குடுக்கேன் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், டிவி சத்தம் கேட்டது, ஒரு குழந்தை இருமியது, அவன் அங்கேயே நிற்கிறான் என்று எனக்குத் தெரிகிறது, நான் என்ன செய்தேன், கையில் இருந்த தாளைப் படித்தேன், தாங்கள் அளித்த தகவல்கள் அடையாளம் நீக்கப்பட்டு அனைவரும் அணுகும் வகையில் வைக்கப்படும், தங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் எந்தக் காரணமும் கூறாமல் மறுக்கலாம். எந்தக் காரணமும் கூறாமல். அவள் மறுத்தால் அடுத்த நிமிஷம் புருஷன் கேட்பான், என்னத்த வேண்டாங்குற, என்னத்தச் சொன்ன அன்னைக்கு என்று. டிவியில் ஒரு விளம்பரம் முடிந்தது. பிறகு, "சரிங்க மேடம்" என்றாள். அன்றைக்கு அக்கா, இன்றைக்கு மேடம். நான் அந்த ஒலியைச் சம்மதம் என்று பெயர் போட்டுச் சேமித்தேன். ஹேமலதா மேடத்திடம் இப்படி இப்படி என்று சொல்லத்தான் செய்தேன், அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார், ஆனாலும் வேதா, அவளை மட்டும் எடுத்துவிட்டால் இந்த ஆய்வில் என்ன இருக்கிறது, அவள் குரலை யார் கேட்பார்கள், பெயரை எடுத்தாகிவிட்டதே என்றார். கட்டுரைக்குத் தலைப்பே மண்சோறு என்று அவர் வைத்துவிட்டிருந்தார். மார்ச் மாதம் பக்கத்தில் இருந்தது. நானும் பெயரை எடுத்தாகிவிட்டதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், நன்றாகத் தூங்கினேன் என்றுகூட ஞாபகம்.

நிபுணர் முடித்துவிட்டார். கைதட்டல். இனி பயிற்சி என்கிறார் மேடம், உங்கள் பைலில் ஒரு மாதிரிப் பேட்டி இருக்கிறது, எடுங்கள், மஞ்சள் பேனாவால் முக்கியமான வரிகளைக் குறியுங்கள், இது உங்கள் மாவட்டத்து வாழ்க்கை, உங்களிடமே திரும்பி வருகிறது, என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கிறது, நடிப்பில்லை. எனக்கும் ஒரு தாள் வந்தது. பக்கத்து மேஜையில் இருந்த பெண்தான் நீட்டினாள். மல்லிகா, பக்கத்தில் நட்சத்திரம். இதையா. எத்தனையோ பேட்டி இருக்க இதையா அச்சடிக்கக் கொடுத்தார், கேட்டால் இதுதான் வளமான பேட்டி என்பார். பிள்ளைகள் முழித்துக்கொண்டார்கள். ஹால் முழுக்க மூடி கழற்றுகிற சத்தம். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது, ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறேன், ஊர் இல்லை, கோயில் இல்லை, பீடி இல்லை, பெண்பிள்ளைகள் இல்லை, எத்தனை ஆடி என்பது இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. ரத்தம் போன கதை வெளியே தெரிந்த கதை, ஊரே கூடித் தூக்கிப்போன கதை, அதைப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அந்த ஒன்றரைப் பக்கத்தையும் நான்தான் வெட்டினேன், மருத்துவ விவரம் நீக்கப்பட்டது என்று போட்டேன், டாக்டரம்மா புருஷனிடம் சொன்னதும் அதோடு போய்விட்டது. இப்போது தாளை வரிவரியாகப் படிக்கிறேன். யாரோ எழுதினதைப் படிக்கிற மாதிரி. மல்லிகா என்று ஒருத்தி. புருஷனுக்குத் தெரியாமல் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். மாமியார் பேரனுக்கு ஏங்குகிறாள். இவள் கோயிலுக்குப் போய் மண்சோறு தின்று சிரிக்காமல் எழுந்து வருகிறாள். ஏன் போட்டுக்கொண்டாள் என்பது இல்லை. ஏன் என்பதற்கு அடைப்புக்குறி. இதைப் படித்தால் என்ன தெரிகிறது, ஒரு கெட்டிக்காரி ஒரு குடும்பத்தையே ஏமாற்றுகிறாள், அவ்வளவுதான் தெரிகிறது. பின்வரிசையில் ஒரு பையன் செம ஆளுல்ல என்று பக்கத்துப் பையனிடம் சொல்லிச் சிரிக்கிறான்.

ஒரே ஒரு வரியை மட்டும் நான் வெட்டவில்லை. இதோ இருக்கிறது, முழுசாக இருக்கிறது, எல்லாருடைய தாளிலும் அதற்குத்தான் மஞ்சள் பூசுகிறார்கள். எங்கத்த குளிச்சு ஈரச்சேலையோட முந்தானையில சோத்த வாங்கிட்டு வந்து அவியளே தரையில போடுவாவ, பூசாரி தொடமாட்டாரு, அவியளுக்கு இடுப்பு சரியில்ல, குனியமுன்ன ஒரு பாடு முனங்கிக்கிடுவாவ, எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்கும், சோறு தெரியாது. எவ்வளவு நல்ல வரி. அத்தனையையும் வெட்டித் தள்ளிய பிறகு இதைத் தொட எனக்குக் கை வரவில்லை, இது ஒன்றாவது அவள் பேசினது மாதிரியே இருக்கட்டும் என்று விட்டேன், மேடமும் ஓரத்தில் அருமை என்று எழுதியிருந்தார். மாயவரத்துப் பக்கத்துக்காரி எனக்கு மண்சோறு என்ன தெரியும், எல்லாக் கோயிலிலும் இப்படித்தான் மாமியார் கொண்டுவந்து போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி ஒரு கேள்வியே எனக்கு வரவில்லை. கல்யாணத்தில் தாலி கட்டினார்கள் என்று ஒருத்தி சொன்னால் அதையா அடையாளம் என்று வெட்டுவோம், அந்த மாதிரி. நடுவரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். நீலச் சுடிதார், அட்டையில் பொன்செல்வி என்று இருந்தது. முகமெல்லாம் சந்தோஷம். "மேடம், இது எங்க ஊர்க் கோயில்" என்றாள். மற்றக் கோயிலில் எல்லாம் பூசாரிதான் சோறு போடுவார், இல்லாவிட்டால் பெற்ற தாய் போடுவாள், மாமியார் ஈர முந்தானையில் வாங்கி வந்து போடுவது எங்கள் ஊரில் மட்டும்தான், சுத்துப்பட்டில் வேறெங்கும் கிடையாது, ஆடிக்கு ஒருத்தர் இரண்டு பேர்தான் சாப்பிடுவார்கள், என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போகிறாள், வகுப்பில் தன் ஊர் பாடமாக வந்துவிட்ட பெருமை. ஹேமலதா மேடம் இரண்டு கையையும் தட்டினார். "பாத்தீங்களா, இதுதான் ஓபன் டேட்டாவோட பலம். நமக்குத் தெரியாதத இந்தப் பொண்ணு நமக்குச் சொல்லித் தருது." நிபுணரும் எழுந்து நின்று தலையாட்டினார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். இடுப்பு என்கிற வார்த்தைக்கு வந்திருப்பாள். வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது, கண் சிரிக்கவில்லை, பிறகு வாயும் நின்றுவிட்டது. மஞ்சள் பேனாவின் மூடியைப் போட்டாள். முதல் பக்கத்துக்குத் திருப்பி ஆரம்பத்திலிருந்து படித்தாள், விரலை வைத்து, சின்னப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி மெதுவாக.

தாள்களைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எழுந்தேன். மேடம் ஏன் இப்போதே என்று கண்ணால் கேட்டார், நான் பார்க்காத மாதிரி வரிசை வரிசையாகப் போனேன், குடும்மா, குடுப்பா, நன்றி, நன்றி. நீலச் சுடிதாரிடம் வந்தபோது மேஜையில் தாள் இல்லை. பை மடியில் இருந்தது, இரண்டு கையும் பைமேல் இருந்தது. குனிந்து, தாளக் குடும்மா, அது திருப்பிக் குடுக்கணும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கோபமெல்லாம் இல்லை, ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற முகம். நீங்கதான் பேட்டி எடுத்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்க வீட்டுக்கு வந்தீங்களா என்றாள். அவள் வீடு. அன்றைக்கு வாசலில் ஒரு காலேஜ் பெண்ணின் செருப்பு கிடந்ததா, கொடியில் நீலச் சுடிதார் காய்ந்ததா, நாத்தனார் படிக்கப் போயிருக்கிறாள், அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் முறத்தை எடுப்பேன் என்று பேச்சித்தாய் சொன்னாளே, அதையும் வெட்டினேனே. அதற்குள் மைக்கில் வேதா, வேதா என்று கூப்பிடுகிறார்கள், சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், பொன்னாடை போர்த்தியாகிவிட்டது, மேஜையைச் சுற்றிப் போட்டோவுக்கு நிற்கிறார்கள், லேப்டாப் தூங்கிப்போய்த் திரை கறுப்பாக இருக்கிறது. ஓடினேன். எழுப்பினேன். எல்லாக் கோப்பும் வரிசையாக நிற்கிறது, மல்லிகா நடுவில் இருக்கிறாள். மேடம் அந்தப் பெரியவருக்கு எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொண்டிருந்தபோது அவர் முழங்கைக்கு இந்தப் பக்கம் மவுஸை நகர்த்தி அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன், யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் என்ன, மார்ச்சு வரட்டும் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் அழுத்தினார். கைதட்டல். இனி இது உலகத்துக்குச் சொந்தம் என்றார் மேடம். உலகம். உலகத்தில் எவனுக்குத் தெரியும் அந்தக் கோயில், டென்மார்க்கில் ஒருவன் படித்தால் பேச்சித்தாய்க்கு என்ன வந்தது, பெங்களூர்க்காரருக்கே மண்சோறு என்றால் என்னவென்று நான்தான் விளக்கினேன். படிக்கக் கூடாத வீடு பூமியில் ஒன்றே ஒன்று. அதை மூடாமல் மற்றதையெல்லாம் மூடிவிட்டு நிற்கிறேன்.

நன்றியுரை ஆரம்பித்ததும் அவள் எழுந்துவிட்டாள். குனிந்தபடி ஓரமாக வாசலுக்குப் போகிறாள். நானும் போனேன், பின்னால் மேடம் கூப்பிட்டார், கடைசிப் படம், என் பெயர் வருகிற படம், யாராவது நகர்த்திக்கொள்ளட்டும். வராந்தாவில் வெயில் சாய்ந்து அடித்தது. நில்லும்மா என்றேன். நின்றாள். அந்தப் பேட்டியில் பாதிதான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன், மூச்சு வாங்கியது, இரண்டாவது பிரசவத்தில் உங்கள் அண்ணி, மைனி என்பீர்களே, அவள் சாகக் கிடந்தது உனக்குத் தெரியும் இல்லையா, அன்றைக்கு டாக்டர் உங்கள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார், இன்னொரு பிள்ளை பெற்றால் பிழைக்க மாட்டாள் என்று, உங்கள் அண்ணன் உங்களிடம் சொல்லவில்லை, அதனால்தான் அவள், என்று எல்லாவற்றையும் கொட்டினேன், பேச்சித்தாய் கையைப் பிடித்துச் சொல்ல மாட்டேன் என்றதை, இந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொன்செல்வி கையை உருவிக்கொள்ளவில்லை. கேட்டாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள், மடிப்பை நீவினாள், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அது இதுல இல்லியே மேடம்."

நான் வெட்டிவிட்டேன் என்றேன், உங்கள் மைனியின் நன்மைக்காகத்தான் வெட்டினேன். அவள் புரிந்துகொள்ள முயற்சி செய்தாள், அது எனக்குத் தெரிந்தது, நல்ல பெண். அவிய குரல்ல இருக்கா, போட்டுக் காட்டுங்க என்றாள். குரல் இல்லை. எழுத்தில் ஏற்றியதும் ஒலியை அழித்துவிட வேண்டும் என்பது விதி, அவளுடைய பாதுகாப்புக்காக, அதையும் விதிப்படி நான்தான் அழித்தேன், ஸ்பீக்கரில் சரிங்க மேடம் என்றது மட்டும்தான் இருக்கிறது. வெட்டாத பிரதி சென்னையில் மேடத்தின் பீரோவில், ஒரு பென் டிரைவில் கடவுச்சொல் போட்டுப் பத்திரமாக இருக்கிறது. இதையெல்லாம் இவளிடம் எப்படிச் சொல்வது. "எங்கம்மா அந்த இடுப்போட குனிஞ்சு போட்டுட்டு வந்து ரெண்டு நாள் எந்திரிக்கல மேடம்" என்றாள், "நாந்தான் தவுட்டு ஒத்தடம் குடுத்தேன். மைனி அடுப்புல தவுடு வறுத்துக் குடுத்தாவ." கோபமாகச் சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொன்னாள். வீட்ல சொல்லிருவியா என்று கேட்டேன், கேட்கும்போதே என் குரல் பேச்சித்தாய் குரல் மாதிரி இருந்தது, சொல்லிராத என்று கெஞ்சுகிற குரல். "நீங்க சொல்லிட்டீங்களே மேடம்" என்றாள். உள்ளே தேசிய கீதத்துக்கு எல்லாரும் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது, திரும்ப இழுத்து மூடினாள், படியில் இறங்கப் போனவள் நின்று, பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாதே என்கிற மாதிரி, "வாரேன் மேடம், இந்த பஸ்ஸ விட்டா மைனி தேடுவாவ" என்றாள்.